இருளில் நடக்காத இருள்வினை

ஒளிச்சேர்க்கையைப் பற்றி இரண்டு செய்திகள் ஓயாமல் சுற்றி வருகின்றன. ஒன்று பள்ளிக்கூடத்திலிருந்து வருவது: ஒளிவினை பகலில் நடக்கும், இருள்வினை இரவில் நடக்கும். மற்றொன்று வாட்ஸ்அப்பிலும் செடி விற்கும் கடைகளிலும் வருவது: பாம்புச்செடி இரவிலும் ஆக்சிஜன் தரும், எனவே படுக்கையறையில் வைத்தால் நல்லது. முதலாவது தவறு, பாடநூல் அப்படி நேராகச் சொல்லாவிட்டாலும், அது வைத்திருக்கும் பெயரே மாணவரை அங்கே கொண்டுபோய் விடுகிறது. இரண்டாவது, ஓர் உண்மையின் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டது.

இரண்டையும் தெளிவாக்க, இலையின் உயிரணுக்களில் ஒளிச்சேர்க்கை நடக்கும் இடமான பசுங்கணிகத்துக்குள் இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். எலக்ட்ரான்களைச் சுமந்து திரியும் சிறிய மூலக்கூறுகள், அதாவது துணைநொதிகள், ஒன்று. அந்த எலக்ட்ரான்கள் வருகின்றனவா, நின்றுவிட்டனவா என்பதை நொதிகளுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு மற்றொன்று. இதைத்தான் ரெடாக்ஸ் சமிக்ஞை என்கிறார்கள்.

பெயர் வந்த வழி

1905-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிளாக்மேன், ஒளி குறைவாக இருக்கும்போது ஒளிச்சேர்க்கையின் வேகத்தை ஒளியும், ஒளி மிகுதியாக இருக்கும்போது வெப்பநிலை போன்றவையும் கட்டுப்படுத்துவதை எடுத்துக்காட்டினார். ஒளியைப் பிடிக்கும் ஒரு கட்டமும், சாதாரண வேதிவினையாக நடக்கும் மற்றொரு கட்டமும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது. 1932-இல் எமர்சனும் ஆர்னால்டும் குளோரெல்லா என்ற பாசியின்மேல் மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைப் பாய்ச்சி, துடிப்புகளுக்கு இடையே இருள் இடைவெளி விட்டுப் பார்த்தபோது, இடைவெளி போதிய அளவு நீண்டால் ஒவ்வொரு துடிப்புக்கும் கிடைக்கும் பயன் கூடுவதைக் கண்டனர். ஒளி பட்டு முடிந்த பிறகும் ஏதோ ஒரு வேலை இருளில் தொடர்ந்து நடந்து முடிகிறது என்பதே இதன் பொருள்.

அவர்கள் பேசிய இருள் ஒரு நொடியின் சிறு பகுதிதான். அதை இரவு என்று யாரும் கருதவில்லை. 'ஒளித்துகள் நேரடியாகத் தேவைப்படாத வினை' என்பதற்கான சுருக்கப் பெயர், காலப்போக்கில் 'இருளில் நடக்கும் வினை' என்று பொருள் மாறிப் பாடமாகிவிட்டது. கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சி உண்மையில் இருளில் நடப்பதில்லை. இருள் வந்ததும் தாவரமே அதை நிறுத்திவிடுகிறது.

துணைநொதி என்பது என்ன?

நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். பல நொதிகளால் தனியாக வேலை செய்ய முடியாது. எலக்ட்ரானையோ ஏதேனும் ஒரு வேதித்தொகுதியையோ கொண்டுவந்து கொடுக்கவும் வாங்கிப்போகவும் புரதமல்லாத ஒரு சிறு மூலக்கூறு உடன் தேவை. அதுவே துணைநொதி. 1906-இல் ஹார்டனும் யங்கும் ஈஸ்டின் சாற்றை வடிகட்டி, பெரிய மூலக்கூறுகள் கொண்ட பகுதியையும், சூடாக்கினாலும் கெடாத சிறிய மூலக்கூறுகள் கொண்ட பகுதியையும் பிரித்தனர். தனித்தனியாக எதுவும் சர்க்கரையை நொதிக்கவைக்கவில்லை, சேர்த்ததும் நொதித்தது. அந்தச் சிறு பகுதியில் இருந்த முக்கியப் பொருளையே இன்று என்ஏடி என்கிறோம். அதன் உடன்பிறப்பான என்ஏடிபியை 1930-களில் வார்பர்க் குழுவினர் குதிரையின் சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்தனர்.

ஒரு பொருள் எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். இலங்கை வழக்கில் இவை ஒட்சியேற்றம், தாழ்த்தல். என்ஏடிபி இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று ஒடுங்கினால் என்ஏடிபிஎச் ஆகிறது. அவற்றைக் கொடுத்துவிட்டால் பழையபடி என்ஏடிபி. ஆகவே இந்த மூலக்கூறு செலவாகித் தீர்ந்துபோவதில்லை. சுமை ஏற்றி இறக்கும் வண்டிபோலத் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது.

என்ஏடிக்கும் என்ஏடிபிக்கும் உள்ள வேற்றுமை ஒரே ஒரு பாஸ்பேட் தொகுதிதான். எலக்ட்ரானைப் பிடிக்கும் முனை இரண்டிலும் ஒன்றே. எலக்ட்ரானைக் கொடுக்கும் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே, −320 மில்லிவோல்ட். இந்த எண் எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக அந்தப் பொருள் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். பாஸ்பேட் அமர்ந்திருப்பது மூலக்கூறின் மறுமுனையில். அப்படியானால் எதற்கு அது? எந்த நொதி எதைப் பிடிக்க வேண்டும் என்று காட்டும் அடையாளச் சீட்டு என்று கொள்ளலாம். பொதுவாகப் பேசினால், உணவைச் சிதைத்து ஆற்றல் எடுக்கும் வினைகள் என்ஏடியையும், புதிதாகக் கட்டும் வினைகள் என்ஏடிபியையும் பயன்படுத்துகின்றன. ஒரே வேதியியல்பு கொண்ட இரண்டு வண்டிகளை இரண்டு தனிக் கணக்குகளில் வைத்துக்கொள்ள உயிரணுவுக்கு இந்தச் சிறு ஒட்டு உதவுகிறது.

தாவரத்தில் இவை உருவாகும் வழி சற்றுச் சுற்று வழிதான். அஸ்பார்டிக் அமிலத்திலிருந்து தொடங்கும் முதல் படிகள் பசுங்கணிகம் போன்ற கணிகங்களுக்குள் நடக்கின்றன. கடைசிப் படிகள் வெளியே சைட்டோபிளாசத்தில் நடந்து என்ஏடி முழுமை பெறுகிறது. பிறகு அது மீண்டும் பசுங்கணிகத்துக்குள் வர வேண்டும். உள்ளே வந்த என்ஏடிமேல் பாஸ்பேட்டை ஒட்டி என்ஏடிபி ஆக்குவது என்ஏடி கைனேஸ் 2 என்ற நொதி. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அரபிடாப்சிஸ் செடியில் இந்த ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தால், இலை வெளிறி, செடி குட்டையாகிவிடுகிறது. மாறாக, அந்த அரபிடாப்சிஸ் மரபணுவை நெல்லில் கூடுதலாக இயங்கச்செய்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கார்பன் டை ஆக்சைடை நிலைநிறுத்தும் வேகம் கூடியது. எனவே பசுங்கணிகத்தில் எவ்வளவு என்ஏடி இருக்கிறது, அதில் எவ்வளவு என்ஏடிபியாக மாற்றப்பட்டிருக்கிறது என்பது வெறும் இருப்புக் கணக்கு அல்ல. இலையில் ஒளி பட்டதும் உள்ளிருக்கும் என்ஏடி குறைந்து என்ஏடிபி கூடுகிறது. இருளில் இது தலைகீழாகிறது. இந்த மாற்றத்தை நொதிகள் ஒரு செய்தியாகவே படிக்கின்றன. அது எப்படி என்பதைக் கீழே காணலாம்.

வரவும் செலவும் பொருந்தாத கணக்கு

ஒளிச்சேர்க்கை என்பது நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து என்ஏடிபியிடம் சேர்ப்பது. நீர் எலக்ட்ரானை எளிதில் விடாது. அதன் நிலை ஏறத்தாழ +820 மில்லிவோல்ட். அங்கிருந்து −320-க்கு ஏற்ற வேண்டும். இதற்கு இரண்டு முறை ஒளியின் உந்துதல் தேவை. உந்துதலைத் தருபவை ஒளியைப் பிடிக்கும் இரண்டு புரதத் தொகுதிகள், அதாவது ஒளியமைப்புகள். இரண்டாம் ஒளியமைப்பு நீரைப் பிளந்து எலக்ட்ரானை எடுக்கிறது. ஆக்சிஜன் இங்கேதான், இந்த ஓரிடத்தில்தான் பிறக்கிறது. பிளாஸ்டோகுவினோன், சைட்டோகுரோம், பிளாஸ்டோசயனின் என்ற கடத்திகள் வழியாக எலக்ட்ரான் முதலாம் ஒளியமைப்பை அடைந்து, மீண்டும் உந்தப்பட்டு, ஃபெர்ரடாக்சின் என்ற இரும்பு-கந்தகப் புரதத்திடம் சேர்கிறது. ஃபெர்ரடாக்சினின் நிலை ஏறத்தாழ −420 மில்லிவோல்ட். எனவே அது என்ஏடிபிக்கு எளிதாகக் கொடுத்துவிடும். ஒளியில் பசுங்கணிகம் என்ஏடிபியை ஒடுக்குகிறது என்பதை 1951-இல் விஷ்னியக்கும் ஒச்சோவாவும் உள்ளிட்டோர் காட்டினர்.

இனிக் கணக்கு.

1. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைச் சர்க்கரையில் சேர்க்கக் கால்வின் சுழற்சிக்கு 2 என்ஏடிபிஎச், 3 ஏடிபி (உயிரணு ஆற்றலைச் செலவழிக்கப் பயன்படுத்தும் மூலக்கூறு) தேவை.

2. 8 ஒளித்துகள்கள் 4 எலக்ட்ரான்களை முழுப் பாதையிலும் கொண்டுசெல்லும்போது 2 என்ஏடிபிஎச் கிடைக்கிறது. பசுங்கணிகத்துக்குள் உள்ள சவ்வுப் பையான தைலகாய்டின் உள்வெளியில் 12 புரோட்டான்கள் சேர்கின்றன.

3. பசலைக் கீரையின் பசுங்கணிகத்தில் ஏடிபி ஆக்கும் இயந்திரத்தின் சுழல்வளையத்தில் 14 அலகுகள் உள்ளன. ஒரு முழுச் சுற்றுக்கு 14 புரோட்டான்கள் செலவாகி 3 ஏடிபி கிடைக்கிறது. அப்படியானால் 12 புரோட்டான்களுக்குச் சுமார் 2.57 ஏடிபிதான் வரும்.

என்ஏடிபிஎச் சரியாக இருக்கிறது; ஏடிபி குறைகிறது. இதை அப்படியே விட்டால் ஏடிபி பற்றாக்குறையால் சுழற்சி தள்ளாட, செலவழியாத என்ஏடிபிஎச் தேங்கும். வெறும் என்ஏடிபி இல்லாதபோது ஃபெர்ரடாக்சினிடம் உள்ள எலக்ட்ரான்களுக்குப் போக்கிடம் இருக்காது. போக்கிடமற்ற எலக்ட்ரான் பக்கத்தில் உள்ள ஆக்சிஜன்மேல் பாயும். பசுங்கணிகத்தின் ரெடாக்ஸ் ஒழுங்குகளில் பெரும்பகுதி இந்த ஒரு நெருக்கடியைச் சமாளிக்கத்தான் என்றே சொல்லலாம்.

நெருக்கடியைத் தணிக்கும் ஒரு வழி, எலக்ட்ரானை என்ஏடிபிக்குக் கொடுக்காமல் பிளாஸ்டோகுவினோனுக்கே திருப்பிவிடும் சுழல் ஓட்டம். இதில் என்ஏடிபிஎச் சேராமல் ஏடிபி மட்டும் கிடைக்கும். மற்றொரு வழியை ஆய்வாளர்கள் மாலேட் வால்வு என்கிறார்கள். ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குக் கலிங்கு என்றால் உடனே விளங்கும். மிகுதியான என்ஏடிபிஎச்சின் எலக்ட்ரான்களை ஆக்சலோஅசிட்டேட்டின் மேல் ஏற்றினால் மாலேட் கிடைக்கிறது. என்ஏடிபிஎச்சால் பசுங்கணிகத்தின் உறையைத் தாண்ட முடியாது, மாலேட்டால் முடியும். வெளியே சென்ற மாலேட் என்ஏடியிடம் எலக்ட்ரான்களை இறக்கிவிடுகிறது. அவை நைட்ரேட்டை ஒடுக்குவது போன்ற வேலைகளுக்குப் பயன்படுகின்றன. இந்தக் கலிங்கின் நொதி ஒளியில் மட்டுமே இயங்கும். அதுமட்டுமன்றி, வெறும் என்ஏடிபி அதிகமாக இருக்கும்வரை அந்த நொதியால் முழுமையாக விழித்துக்கொள்ள முடியாது. என்ஏடிபியே அதன் விழிப்பைத் தடுக்கிறது. ஏரி நிரம்பினால்தான் கலிங்கில் நீர் வழியும் என்பதுபோல, துணைநொதி நிரம்பிவிட்டதா என்று நொதி துணைநொதியைக் கொண்டே அறிந்துகொள்கிறது.

சுழற்சியைத் திறக்கும் கந்தகப் பூட்டு

கால்வின் சுழற்சியின் நொதிகள் சிலவற்றில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இணையாக உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு கந்தக அணு. எலக்ட்ரான்கள் கிடைக்காத நிலையில் இரு கந்தகங்களும் ஒன்றோடொன்று பிணைந்து டைசல்பைடு பிணைப்பாகிவிடும். எலக்ட்ரான்கள் வந்தால் பிணைப்பு அறும். பிணைந்த நிலையில் நொதியின் வடிவம் ஒன்று, அறுந்த நிலையில் வேறொன்று. பூட்டு இவ்வளவுதான்.

சாவி தையோரெடாக்சின் என்ற சிறு புரதம். 1964-இல் ஸ்வீடனில் ஒரு பாக்டீரியாவில் முற்றிலும் வேறு வேலைக்காக அறியப்பட்ட இதுவே பசுங்கணிக நொதிகளை ஒளியோடு இணைக்கிறது என்பதை, பெர்க்லியில் பாப் புக்கானனும் உடன் உழைத்தோரும் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி 1970-களில் நிறுவினர். ஃபெர்ரடாக்சினிடமிருந்து ஒரு ரிடக்டேஸ் நொதி எலக்ட்ரான்களை வாங்கித் தையோரெடாக்சினுக்குக் கொடுக்கிறது. தையோரெடாக்சின் அவற்றை நொதியின் கந்தகப் பிணைப்பின்மேல் இறக்குகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாக்டீரியாவிலும் தாவரத்தின் சைட்டோபிளாசத்திலும் தையோரெடாக்சினுக்கு எலக்ட்ரான் கொடுப்பது என்ஏடிபிஎச். பசுங்கணிகத்தில் மட்டும் அந்த இடத்தை ஃபெர்ரடாக்சின் பிடித்துக்கொண்டது. என்ஏடிபிஎச் இரவிலும் சர்க்கரையைச் சிதைத்துக் கிடைக்கக்கூடியது. அதைச் சாவியோடு இணைத்திருந்தால் இரவிலும் பூட்டு திறந்துகொள்ளும். ஒளியால் மட்டுமே பெருமளவில் ஒடுங்கும் ஃபெர்ரடாக்சின்தான் 'வெளியே வெயில் இருக்கிறது' என்பதற்கு நம்பத்தக்க சாட்சி.

இந்தச் சாட்சி வந்தவுடன் நடப்பவை:

1. ஃபிரக்டோஸ் பிஸ்பாஸ்பேட்டேஸ், செடோஹெப்டுலோஸ் பிஸ்பாஸ்பேட்டேஸ் என்ற இரண்டு சுழற்சி நொதிகள் இயங்கத் தொடங்குகின்றன.

2. ஏடிபி ஆக்கும் இயந்திரத்தின் காமா அலகில் உள்ள கந்தகப் பிணைப்பு அறுந்து, அது எளிதாகச் சுழல்கிறது. இருளில் அது தலைகீழாக ஓடி ஏடிபியை வீணாக்காமல் இருக்க வைத்த தடுப்பு இது.

3. இருளில் சிபி12 என்ற சிறு புரதம், கிளிசரால்டிஹைடு பாஸ்பேட் டிஹைட்ரோஜனேஸ், பாஸ்போரிபுலோகைனேஸ் என்ற இரண்டு நொதிகளையும் ஒரே கட்டாகக் கட்டிவைத்திருக்கும். கட்டு இறுக, அந்த டிஹைட்ரோஜனேஸில் என்ஏடி அமர்ந்திருக்க வேண்டும். ஒளியில் என்ஏடி குறைந்து என்ஏடிபி கூடி, சிபி12-இன் கந்தகப் பிணைப்பும் அறும்போது கட்டு அவிழ்கிறது. முன்பு சொன்ன ஒற்றைப் பாஸ்பேட் ஒட்டு இங்கே நேரடியாகச் செய்தியாகிறது.

4. எதிர்த்திசையில் ஒன்று: சர்க்கரையைச் சிதைத்து என்ஏடிபிஎச் ஆக்கும் பாதையின் முதல் நொதியான குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜனேஸ், கந்தகப் பிணைப்பு அறுந்தால் அணைந்துவிடுகிறது.

நான்காவதுதான் மற்ற மூன்றுக்கும் விளக்கம். கட்டும் பாதையும் சிதைக்கும் பாதையும் ஒரே அறைக்குள் உள்ளன. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் கட்டியதைச் சிதைத்து, சிதைத்ததைக் கட்டி ஏடிபி மட்டும் தீரும். இருளில் கால்வின் சுழற்சி வலிந்து நிறுத்தப்படுவது இதனால்தான்.

மாலையில் அணைப்பது யார்?

காலையில் திறப்பது யார் என்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. மாலையில் மீண்டும் பூட்டுவது யார் என்ற கேள்வி நெடுங்காலம் அப்படியே கிடந்தது. ஆக்சிஜன் நிறைந்த இடம்தானே, பிணைப்புகள் தாமாகவே மீண்டும் உருவாகும் என்று விட்டுவிட்டார்கள் போலும். ஆனால் பூட்டுதல் அவ்வளவு மெதுவாக நடப்பதில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

விடை ஒரு நெல் மரபணுவின் பக்கமிருந்து வந்தது. ஸ்பெயினின் செவில் நகரைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ செஹூடோவின் குழு, 2004-இல் என்டிஆர்சி என்ற புரதத்தை விவரித்தது. ரிடக்டேஸும் தையோரெடாக்சினும் ஒரே சங்கிலியில் ஒட்டிப் பிறந்த புரதம் அது. பசுங்கணிகத்தில் இருந்தும் ஃபெர்ரடாக்சினைவிட்டு என்ஏடிபிஎச்சிலிருந்து எலக்ட்ரான் வாங்குகிறது. அது இல்லாத அரபிடாப்சிஸ் செடி வெளிறி, மெதுவாக வளர்கிறது. அதன் முதன்மை வேலை 2-சிஸ் பெராக்ஸிரெடாக்சின் என்ற புரதத்துக்கு எலக்ட்ரான் ஊட்டுவது. அந்தப் புரதம் ஹைட்ரஜன் பெராக்சைடை நீராக்கிச் செயலிழக்கச் செய்கிறது. எனவே, என்டிஆர்சி இல்லாவிட்டால் பெராக்சைடு பெருகிச் செடி கெடுகிறது என்பது இயல்பான ஊகம்.

அதே குழு 2017-இல் இந்த ஊகத்தைப் புரட்டிப்போட்டது. என்டிஆர்சி இல்லாத செடியில் பெராக்ஸிரெடாக்சினையும் சேர்த்துக் குறைத்தார்கள். ஊகம் சரியென்றால் செடி மேலும் நலிய வேண்டும். நடந்தது நேர்மாறு, செடி பெரும்பாலும் தேறிவிட்டது. அப்படியானால் கேடு பெராக்சைடால் வந்ததல்ல. என்டிஆர்சியிடமிருந்து எலக்ட்ரான் கிடைக்காத பெராக்ஸிரெடாக்சின், தையோரெடாக்சின்களிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தது. அதனால் பகலிலேயே சுழற்சி நொதிகள் அரைப்பூட்டாகக் கிடந்தன.

இதிலிருந்து மாலைக் கேள்விக்கு ஓரடிதான். 2018-இல் ஸ்பெயின், ஜப்பான், ஜெர்மனி ஆகிய நாடுகளின் குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன: நொதிகளிடமிருந்து எலக்ட்ரான்களைத் தையோரெடாக்சின் வகைப் புரதங்கள் திரும்ப எடுத்து, பெராக்ஸிரெடாக்சின் வழியாக ஹைட்ரஜன் பெராக்சைடிடம் கொட்டுகின்றன. இந்த வடிகால் பகலிலும் திறந்தேதான் இருக்கிறது. பகலில் ஃபெர்ரடாக்சின் வழியே வரத்து மிகுதி என்பதால் மட்டம் குறைவதில்லை. மாலையில் வரத்து நின்றதும் வடிகால் வென்றுவிடுகிறது. ஆகவே இது திறந்தது, மூடியது என்ற இரண்டே நிலை கொண்ட பூட்டு அல்ல. மேகம் மறைத்தால் சற்று இறங்கி, வெயில் வந்தால் ஏறும் மட்டம். மேலும், நச்சுக் கழிவு என்று மட்டுமே பேசப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு இல்லாவிட்டால் மாலையில் சுழற்சியை நிறுத்துவது கடினம்.

பாம்புச்செடியின் இரவு

பாம்புச்செடி, கள்ளி, அன்னாசி போன்றவை வறட்சிக்குப் பழகியவை. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதால் இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கி, மாலிக் அமிலமாக்கி, உயிரணுவின் நுண்குமிழியில் அடைத்துவைக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை விடுவித்துக் கால்வின் சுழற்சிக்கு ஊட்டுகின்றன. இரவில் நடப்பது சேமிப்பு மட்டுமே. அந்தச் சேமிப்பைச் செய்யும் நொதி சைட்டோபிளாசத்தில் இருப்பது; மேலே கண்ட ஒளிப்பூட்டோடு அதற்குத் தொடர்பில்லை. ஆக்சிஜன் நீர் பிளக்கப்படும்போது மட்டுமே வெளிவரும். அதற்கு ஒளி வேண்டும். இரவில் பாம்புச்செடியும் மற்றச் செடிகளைப்போல ஆக்சிஜனைச் சுவாசத்தில் செலவழிக்கத்தான் செய்கிறது. அழகுக்காகப் படுக்கையறையில் வைக்கலாம், ஆக்சிஜனுக்காக அல்ல.

எலக்ட்ரான் வழிமாறினால்

ஃபெர்ரடாக்சின் பக்கத்தில் நெரிசல் ஏற்படும்போது எலக்ட்ரான்கள் ஆக்சிஜனுக்குப் போவதை 1951-இல் ஆலன் மெஹ்லர் கண்டார். அப்படி உருவாகும் சூப்பர் ஆக்சைடு முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடாகி, பிறகு அஸ்கார்பேட்டின் (வைட்டமின் சி) உதவியால் நீராகிவிடுகிறது. நீரில் தொடங்கி நீரிலேயே முடியும் இப்பாதையை ஜப்பானின் கோசி அசாடா நீர்-நீர்ச் சுழற்சி என்று அழைத்தார். அஸ்கார்பேட்டைப் புதுப்பிக்கவும் இறுதியில் என்ஏடிபிஎச் போன்ற எலக்ட்ரான் கொடைகளே தேவை என்பதைக் கவனிக்க வேண்டும். தப்பிச் செல்லும் சிறிதளவு பெராக்சைடு, உட்கருவிலுள்ள மரபணுக்களுக்கும் 'இங்கே ஒளி மிஞ்சிவிட்டது' என்ற செய்தியைக் கொண்டுசெல்வதில் பங்கேற்கிறது.

இந்தப் பாதையைச் செயற்கையாகப் பெருக்கிக் கொல்வதே பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் வேலை. 1962-இல் சந்தைக்கு வந்த இந்த வேதிப்பொருளின் நிலை −446 மில்லிவோல்ட், ஃபெர்ரடாக்சினுக்கு அருகில். எனவே முதலாம் ஒளியமைப்பிலிருந்து எலக்ட்ரானைக் குறுக்கே பறித்து, உடனே ஆக்சிஜனிடம் கொடுத்து, வெறுங்கையோடு அடுத்ததற்குத் திரும்பி வருகிறது. அது அழிவதில்லை, திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஒருபுறம் என்ஏடிபிக்குப் போக வேண்டிய எலக்ட்ரான்கள் போய்ச் சேருவதில்லை. மறுபுறம் பெருகும் சூப்பர் ஆக்சைடை அடக்க வேண்டிய கையிருப்பும் தீர்கிறது. உறைகள் சிதைந்து, நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே இலை வாடிக் கருகுகிறது.

மனித நுரையீரலில் ஒளியும் இல்லை, பசுங்கணிகமும் இல்லை. ஆனால் என்ஏடிபிஎச் இருக்கிறது. அதிலிருந்து எலக்ட்ரானை எடுத்துத்தரும் நொதிகளும் உள்ளன. பாராகுவாட் அங்கேயும் இதே சுற்றைச் சுற்றுகிறது. அதற்கு மாற்று மருந்து இல்லை. இலங்கை 2008 முதல் படிப்படியாகக் கட்டுப்படுத்தி இதைத் தடைசெய்தது இந்த நச்சுத்தன்மை காரணமாகத்தான்.

ஒளியோடு பாராகுவாட்டுக்குள்ள உறவு வயலில் வெளிப்படையாகவே தெரியும். வெயில் சாய்ந்த பிறகு தெளிக்கப்பட்ட இலை அன்றிரவு பச்சையாகவே நிற்கும். முதலாம் ஒளியமைப்பிலிருந்து எலக்ட்ரான் வராததால் பறிக்க ஒன்றுமில்லை. மருந்து மட்டும் திசுக்களுக்குள் மெல்லப் பரவிக்கொண்டிருக்கும். காலையில் முதல் வெயில் பட்டதும் எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்கும், இலை கருகத் தொடங்கும்.